பத்மநாபபுரம்: ஒரு பழந்தலைநகரின் வரலாறு

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு இருமுறையேனும் தெற்கு நோக்கிப் பயணம் செய்வன. திருமணம், கோயில் கொடை, பொங்கல், முதியோர் நலம் விசாரித்தல் என்று காரணங்கள் பல. சாலை வழியே செல்வோர்க்குக் களியக்காவிளையும், குழித்துறையும், மார்த்தாண்டமும், தக்கலையும் நன்கு பழகிய ஊர்கள். ஆயினும் தக்கலையில் பெருவழியை விட்டுச் சுமார் இரண்டு கிலோமீட்டர் விலகிச் சென்றால் ஒரு கற்கோட்டையும், அதனுள்ளே ஒரு சிறு நகரமும், அந்நகரத்தின் நடுவே மரத்தால் இயன்ற ஓர் அரண்மனையும் இருப்பதை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கின்றோம்? நாம் இன்று வாழும் திருவனந்தபுரம் தலைநகராவதற்கு முன்னர், திருவிதாங்கூர் நாட்டின் தலைநகராக விளங்கியது அவ்வூரே. அதன் வரலாற்றையும் அங்குள்ள காட்சிகளையும் இம்மலரின் வாயிலாக நம் சங்கக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது பயன் தரும் என்று கருதுகின்றோம்.

ஊரும் பெயரும்

பத்மநாபபுரத்தின் பழம்பெயர் கல்குளம். இன்றும் அவ்வட்டத்தின் பெயர் கல்குளம் வட்டமே. ஒருபுறம் வேளிமலை, மறுபுறம் வயலும் தோப்பும். மலையரணும் நீர்வளமும் ஒருங்கே வாய்த்த இவ்விடத்தை வேணாட்டு மன்னர் தம் இருப்பிடமாகத் தெரிந்தெடுத்ததில் வியப்பில்லை. 1592 முதல் 1609 வரை ஆண்ட இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601ஆம் ஆண்டளவில், அரண்மனை கட்டத் தொடங்கினர் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. கோட்டை மதிலின் சுற்றளவு சுமார் நான்கு கிலோமீட்டர். அதற்குள் அடங்கிய நிலம் சுமார் 185 ஏக்கர். அரண்மனை மட்டும் ஆறரை ஏக்கர்.

இவ்வூர்க்குப் பத்மநாபபுரம் என்னும் பெயர் வந்தது மார்த்தாண்ட வர்மர் காலத்தில். 1729இல் அரியணை ஏறிய அம்மன்னர் அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக வென்று சேர்த்துத் திருவிதாங்கூரைப் பெருநாடாக்கினார். பின்னர் 1750 ஜனவரியில் தாம் வென்ற நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமியின் திருவடியில் ஒப்படைத்துத் தம்மைப் 'பத்மநாப தாசன்' என்று அழைத்துக் கொண்டார். திருப்படித்தானம் எனப்படுவது இதுவே. கல்குளத்துக் கோட்டையைச் செப்பனிட்டு, அரண்மனையை விரிவாக்கி, இறைவன் பெயரை ஊருக்கு இட்டவரும் அவரே.

மன்னரின் புகழைச் சொல்லும்போது மற்றொரு பக்கத்தை மறைத்தல் தகாது. எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட பெருங்குடித் தலைவர்களை அவர் கொன்றொழித்து, அவர்தம் குடும்பங்களையும் சிதறடித்தார். இப்பெருமாடங்களைத் தோளில் சுமந்து எழுப்பிய எளிய மக்களின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை. அரண்மனையின் அழகைக் காணும் கண் இவற்றையும் காணுதல் வேண்டும்.

மார்த்தாண்ட வர்மருக்கு வலக்கரமாய் நின்றவர் தளவாய் இராமய்யன். 1737 முதல் 1756 வரை தளவாய்ப் பதவி வகித்த இவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏர்வாடியிற் பிறந்த தமிழர். பிழைப்புத் தேடி வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை ஒரு நாட்டின் வரவு செலவையும் படையையும் நடத்தினார் என்பதை, அலுவலகங்களில் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் நம்மனோர் நினைந்து சிறிது மகிழலாம்.

உதயகிரியும் ஒரு கல்லறையும்

1741ஆம் ஆண்டு குளச்சல் கடற்கரையில் நடந்த போரில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தோற்றது. கடல் கடந்து வந்த ஓர் ஐரோப்பிய வல்லரசை இந்திய மன்னர் ஒருவர் போரில் முறியடித்த அரிய நிகழ்ச்சி அது. சிறைப்பட்டோருள் ஒருவர் எஸ்தாக்கியுஸ் தெ லனாய். பிளாண்டர்ஸ் நாட்டைச் சேர்ந்த இவரது திறமையை அறிந்த மன்னர், தண்டியாது தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை ஈந்தார். பகைவராய் வந்தவர் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டுக்கு உழைத்து, 'வலிய கப்பித்தான்' என்று மக்களால் அழைக்கப்பெற்று, 1777இல் இம்மண்ணிலேயே உயிர் நீத்தார்.

பத்மநாபபுரத்திற்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்டது. சுமார் 90 ஏக்கர் பரப்பும், நடுவே ஒரு குன்றும் கொண்ட அக்கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறையும் இருந்தது. இன்று அது மரங்களடர்ந்த பூங்காவாக உள்ளது. அதனுள்ளே கூரையிழந்து நிற்கும் சிறு தேவாலயத்தில் தெ லனாயின் கல்லறை இருக்கின்றது. அக்கல்லில் இரு மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன: ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ். அந்நாளில் இந்நிலத்து மக்கள் வழங்கிய மொழி எது என்பதற்கு இக்கல் ஒரு சான்றாகும்.

இக்கோட்டையோடு தொடர்புடைய மற்றொருவர் தேவசகாயம் பிள்ளை. நட்டாலத்தில் 1712இல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, அரசுப் பணியில் இருந்த இவர், தெ லனாயின் நட்பால் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். பல துன்பங்களுக்கு ஆளாகி, 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மறைந்து 270 ஆண்டுகள் கழித்து, 2022 மே 15ஆம் நாள் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது.

தக்கலையில் ஞானி பீர்முகம்மது அப்பாவின் தர்காவும் உண்டு. தமிழில் மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றிய பெரியார் அவர். அவருடைய ஞானப்புகழ்ச்சி ஆண்டு விழாவில் அங்கே பலரும் கூடி ஓதப்படுகின்றது. கோட்டைக்குள் உள்ள நீலகண்ட சுவாமி கோயிலோ, மகாசிவராத்திரியன்று அடியார்கள் ஓடியோடி வழிபடும் பன்னிரு சிவாலயங்களுள் ஏழாவது. மும்மதத்தாரும் போற்றும் இடங்கள் ஒரு நடைத் தொலைவில் அமைந்த சிற்றூர் இது.

அரண்மனைக் காட்சிகள்

இனி அரண்மனைக்குள் புகுவோம். காலணியை வெளியே விட்டுச் செல்லுதல் இங்கு முறை. அது நன்று, ஏனெனில் இவ்வரண்மனையின் அருமையை முதலில் உணர்வது பாதங்களே. கண்ணாடி போல் மின்னும் கருந்தரை, கோடையிலும் குளிர்ந்திருக்கின்றது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, செடிச்சாறுகள் முதலியவற்றைக் கலந்து இட்டுத் தேய்த்த தரை அது என்பர்.

முதலில் இருப்பது பூமுகம். அதன் மரக் கூரையில் தொண்ணூறு பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. அங்கே குதிரை வீரன் உருவம் தாங்கித் தொங்கும் குதிரை விளக்கும், சீன வணிகர் அளித்த நாற்காலியும், ஒரே கல்லாலான கட்டிலும், ஓணத்தின்போது சிற்றரசரும் தலைவரும் மன்னர்க்கு வழங்கிய ஓணவில்லுகளும் காணலாம். மேலே மந்திரசாலை. மன்னர் அமைச்சரோடு ஆராய்ந்த அறை அது. பலகணிகளில் பதித்த வண்ண மைக்காத் தகடுகளின் வழியே ஒளி மென்மையாக உள்ளே இறங்குகின்றது. பெருநாடொன்றின் தலைவிதியை முடிவு செய்த இடம் நம் குடியிருப்பின் கூடம் ஒன்றைவிட மிகப் பெரிதன்று என்பது காண்போர்க்கு வியப்பளிக்கும்.

அடுத்து ஊட்டுப்புரை. இரண்டு தளங்களைக் கொண்ட இந்நீண்ட மண்டபத்தில் தளத்திற்கு ஆயிரம் பேராக ஒரே வேளையில் இரண்டாயிரம் பேர் அமர்ந்து உண்ணலாம் என்பர். ஊறுகாய் வைத்த பெரிய சீனப் பரணிகள் இன்றும் வரிசையாக உள்ளன. அரண்மனையின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். அங்கே பலாமரத்தில் நுண்ணிய வேலைப்பாடு செய்த தூண் ஒன்றுண்டு. மணிக்கூண்டில் உள்ள கடிகாரம் எடைக்கற்களின் இழுப்பால் இயங்குவது. முந்நூறு ஆண்டுகள் பழமையுடையது என்பர்.

நடுவே உயர்ந்து நிற்பது உப்பரிகை மாளிகை. நான்கு நிலைகள். கீழே கருவூலம், அதன்மேல் மன்னர் துயின்ற மூலிகைக் கட்டில் உள்ள அறை. அறுபத்து நான்கு வகை மருந்து மரங்களால் ஆன அக்கட்டில் ஒல்லாந்தர் அளித்தது என்று வழிகாட்டிகள் கூறுவர். மேல்நிலை பத்மநாப சுவாமிக்கென ஒதுக்கப்பட்டது. அங்குள்ள சுவரோவியங்கள் தென்னாட்டு ஓவியக் கலையின் சிறந்த செல்வங்களுள் வைத்து எண்ணத்தக்கவை. உறுதி குன்றாதிருக்கும் பொருட்டு அப்பகுதிக்குப் பலரை ஒருங்கே விடுவதில்லை.

நவராத்திரி மண்டபம் மட்டும் கல்லால் ஆயது. சிற்பம் நிறைந்த அதன் தூண்கள் மதுரை, திருநெல்வேலிக் கோயில்களின் மண்டபங்களை நினைவூட்டும். மரப்பணியில் மலைநாட்டுத் தச்சரும், கற்பணியில் தமிழ்நாட்டுச் சிற்பியரும் போற்றிய மரபுகள் இரண்டும் ஒரே மதிலுக்குள் அருகருகே நிற்பதை இங்கே காணலாம்.

தலைநகர் மாறியது

மார்த்தாண்ட வர்மருக்குப் பின் 1758 முதல் 1798 வரை ஆண்டவர் தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராம வர்மர். அவர் காலத்தில் நாடு வடக்கே வெகுதூரம் பரந்துவிட்டது. பத்மநாபபுரமோ தென்கோடியில் இருந்தது. ஆகவே 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. அந்நாளில் திவானாய் இருந்தவர் விளவங்கோட்டுப் பகுதியிற் பிறந்த இராஜா கேசவதாசர். நம்மவர் பலர் அரிசிக்கும் துணிக்கும் பாத்திரத்திற்கும் நாள்தோறும் செல்லும் சாலைக் கடைத்தெரு அவர் ஏற்படுத்தியதே. அரசு சென்ற இடத்திற்கு வணிகரும், கணக்கரும், கைவினைஞரும் பின்தொடர்ந்தனர். தமிழ்க் குடும்பங்கள் திருவனந்தபுரத்தில் வேரூன்றியதற்கு இவ்விடமாற்றமும் ஒரு காரணம் எனலாம்.

அரசு நீங்கிய ஊர் ஒடுங்கியது. ஆனால் அழியவில்லை. 1930களில் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் அரண்மனை பழுது பார்க்கப்பட்டுத் தொல்பொருள் துறையின் காவலில் வைக்கப்பட்டது.

எல்லை மாறியது

நாடு விடுதலை பெற்றபின் தெற்குத் திருவிதாங்கூரின் தமிழர் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டிப் போராடினர். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் அப்போராட்டத்தை நடத்தியது. மார்ஷல் நேசமணி அதன் தலைவர்களுள் முதன்மையானவர். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரீந்தோரும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின.

கல்குளம் தமிழகத்திற்கு வந்தது, பத்மநாபபுரமும் வந்தது. ஆனால் அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்பொருள் துறையின் பொறுப்பில் நின்றது. இன்றும் அப்படியே நிற்கின்றது. மதிலும் தெருவும் வயலும் தமிழ்நாடு. மதில் நடுவே உள்ள மாளிகையைக் காத்து வருவது கேரளம். சீட்டுக் கொடுப்பவரும், விளக்கம் கூறுபவரும், கூரை ஓடு மாற்றுபவரும் கேரள அரசின் ஊழியர். வாயிலை விட்டு வெளியே வந்து தேநீர் கேட்டால் கடைக்காரர் தமிழில் விடை கூறுகின்றார். எல்லைக்காக மக்கள் குருதி சிந்திய நிலத்திலே இரு அரசுகளும் வழக்கின்றி இவ்வேற்பாட்டை ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக நடத்தி வருகின்றன. 2014இல் இவ்வரண்மனை யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றது.

ஆண்டுதோறும் வரும் விருந்தினர்

இவ்விரு நிலத்தையும் பிணைக்கும் மற்றொரு கயிறு நவராத்திரி விழா. தலைநகர் மாறியபோது கலைமகள் வழிபாட்டை மட்டும் பிரிக்க மனமின்றி, ஆண்டுதோறும் தெய்வங்களையே திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளச் செய்தனர். பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டுச் சரசுவதி யானைமீதும், வேளிமலைக் குமாரசுவாமி குதிரைமீதும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் புறப்படுகின்றனர். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் எடுத்துக் கொடுக்கப்பெற்றபின் ஊர்வலம் தொடங்கும். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் நம் நகரை அடையும். களியக்காவிளை எல்லையில் கேரள அரசின் வரவேற்பு உண்டு. சரசுவதி கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் வீற்றிருந்து, விழா முடிந்ததும் தத்தம் ஊர்க்கு மீள்வர்.

இச்சரசுவதி கம்பர் பூசித்த திருவுருவம் என்றும், நவராத்திரி வழிபாடு தவறலாகாது என்னும் உறுதிமொழி பெற்று அவர் அதனைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்றும் வழங்குவது செவிவழிச் செய்தி. இதன் வரலாற்று உண்மை எதுவாயினும், ஒரு தமிழ்ப் புலவர் கொடுத்த பொருளை இன்னொரு மொழி நாட்டார் வாக்குத் தவறாது காத்து வருகின்றனர் என்னும் நம்பிக்கையை இரு நாட்டு மக்களும் ஏற்றிருக்கின்றனர் என்பதே பெரிது.

நாம் எண்ண வேண்டுவது

பத்மநாபபுரத்திற்கு அண்மையில் இரணியல் என்னும் ஊர் உண்டு. 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் - கன்னியாகுமரி இருப்புப்பாதையில் அது ஒரு நிலையம். புகைவண்டியில் செல்வோர் அங்கிறங்கிப் பத்மநாபபுரம் செல்லலாம். அவ்வூரிலும் வேணாட்டு மன்னர் வாழ்ந்த அரண்மனை ஒன்றிருந்தது. அதே மரம், அதே ஓடு, அதே தச்சர் மரபு. ஆயினும் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கூரை சரிந்து, சுவரில் மரம் முளைத்துப் பாழாய்க் கிடந்தது. ஒன்று நின்றது, மற்றொன்று சரிந்தது. காரணம் பழமையன்று, பகைவரின் படையெடுப்புமன்று. ஓரிடத்தில் நாள்தோறும் தரையைத் துடைக்கவும், விழுந்த ஓட்டை மாற்றவும் ஆள் இருந்தார்; மற்றோரிடத்தில் இல்லை. அவ்வளவே.

காப்பவர் அவ்வூராராகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. ஜெர்மனியின் பவேரியாவில் ரோத்தன்பர்க் என்றொரு மதில் சூழ்ந்த சிற்றூர் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 மார்ச்சு 31ஆம் நாள், குண்டு வீச்சால் அதன் மதிலிலும் வீடுகளிலும் ஒரு பகுதி அழிந்தது. உலகின் பல நாட்டார் பொருளுதவி செய்து மதிலை மீண்டும் எழுப்பினர். உதவியோர் பெயர் பொறித்த கற்களை இன்றும் அம்மதிலில் காணலாம்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக உழைக்கும் நமக்கு வரலாறு கற்ற புலமை இல்லை. ஆயினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத்தான் வேண்டும். நாம் குடும்பத்தோடு பத்மநாபபுரம் சென்றிருந்தபோது, அரண்மனையில் மலையாளத்தில் எழுதிய பலகைகளை நம் பிள்ளை மடமடவென்று படித்துத் தன் தாய்க்குப் பொருள் கூறினான். நமக்கு மகிழ்ச்சியே. மாலையில் தக்கலைப் பேருந்து நிலையத்தில், வந்து நின்ற வண்டியின் தமிழ்ப் பெயர்ப்பலகையை அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டினான். படித்து முடிக்குமுன் வண்டி நகர்ந்துவிட்டது. அவன் நகைத்தான். நாமும் உடன் நகைத்தோம். ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

பத்மநாபபுரம் தமிழ் மண்ணில் நிற்கும் மலைநாட்டு வீடு. நாமோ மலைநாட்டு மண்ணில் நிற்கும் தமிழ் வீடுகள். அவ்வீட்டைக் காக்க ஓர் அரசு துறை அமைத்து, ஊழியரை அமர்த்தி, ஆண்டுதோறும் பொருள் ஒதுக்குகின்றது. நம் வீட்டுத் தமிழைக் காக்க அத்தகைய துறை எதுவும் வரப்போவதில்லை. தரை துடைப்பவரும், ஓடு மாற்றுபவரும், விளக்கேற்றுபவரும் நாமே. மலையாளத்தை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்கட்டும். சோறிடும் நாட்டின் மொழி அது. ஆனால் இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் ஒரு தமிழ் நூலையோ நாளிதழையோ அவர்களை உரக்கப் படிக்கச் செய்வது எந்தக் குடும்பத்திற்கும் அரிய செயலன்று. பாட்டிக்கு அவர்கள் கையாலேயே ஒரு கடிதம் எழுதச் செய்தால் அது இன்னும் நன்று.

அடுத்த முறை தெற்கே செல்லும் சங்க அன்பர்கள் தக்கலையில் ஒரு வேளை தங்கிச் செல்வாராக. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. மற்ற நாட்களில் காலை நேரம் ஏற்றது. அரண்மனையைப் பார்த்தபின் உதயகிரிக்குச் சென்று, தெ லனாயின் கல்லறையில் உள்ள தமிழ் எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பழைய எழுத்து, நமக்கும் எளிதில் விளங்காது. குனிந்து நின்று, பெரியோரும் சிறியோருமாக, சேர்ந்தே கூட்டிப் படியுங்கள்.